நடுவில் ஆள் இல்லாத காசு

என் கணவரின் தம்பி கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து, எங்கள் வீட்டில் இருக்கும் ஒரேயொரு நல்ல கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்துகொண்டு, "நடுவில ஆளே இல்லை மச்சாள், அதுதான் இதின்ர விசேசம்" என்று சொன்ன நாளில் நான் அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். சீனியும் போட்டுக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சீனிக்கே வயிறு எரிகிறது.

நாங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், கரம்பொன்னில் இருக்கிறோம். கடல்தொழில் செய்த குடும்பம். என் கணவருக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. இந்திய இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போனது ஒரு தரம் என்றால் பொறுத்திருப்பார். இரண்டாம் தரமும் போனபோது படகை விற்று, ஏஜென்சிக்குக் கட்டி, டுபாய்க்குப் போனார். மகளுக்கு அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அவளுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை வாங்குகிற வயது. இடையில் இரண்டு தரம் லீவில் வந்து போனதோடு சரி. பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்றுக் குழாய் பூட்டுவதுதான் அங்கே அவருக்கு வேலை. கடலில் கிடந்து கறுத்த மனுசன் கூரை இடுக்குக்குள் கிடந்து வெளுத்துப்போனார்.

அவர் போகும்போது ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். இஞ்சினோடு ஒரு படகு வாங்கக் காசு காணும் என்றவுடன் திரும்பி வருவேன், பிறகு சாகும்வரைக்கும் விமானம் ஏறமாட்டேன் என்று. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலமும் வீட்டை நடத்தினேன். கரையில் நண்டு வாங்குகிற வாடியில் நண்டு தரம் பிரிக்கப் போவேன். வீட்டுச் செலவை அந்தச் சம்பளத்தில் முடிப்பேன். அவர் அனுப்புவதில் கை வைக்கமாட்டேன். ஊரில் என்னைக் கசவாரம் என்பார்கள். சொல்லட்டும்.

கடைசியில் படகும் கண்ணில் பட்டது. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குக் கிட்ட ஒருவர் தன் படகை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நல்ல கண்ணாடிநார்ப் படகு, அதிகம் ஓடாத இஞ்சின். மகன் பிரான்சுக்குக் கூப்பிட்டுவிட்டான், எங்கள் கோயில் திருநாள் முடிய விமானம் ஏறுகிறார். அச்சவாரம் கொடுத்தேன்.

"திருநாளுக்கு முதல் மிச்சத்தைக் கொண்டு வா பிள்ளை. அதுக்குப் பிறகு என்னால வைச்சிருக்க ஏலாது. அல்லைப்பிட்டியில ஒருத்தன் நெடுக வந்து கேட்டுக்கொண்டு நிக்கிறான்" என்றார் அவர்.

மகளின் முதல் நன்மையும் அந்தத் திருநாளோடுதான். எல்லாம் ஒன்றாகக் கூடி வருகிறது என்று நினைத்தேன். கணவரும் அங்கே கம்பனியில் இனி ஒப்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். மிச்சக் காசு அவர் கையில் தயாராக இருந்தது. அது டுபாயிலிருந்து கரம்பொன்னுக்கு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதற்கு முன்னர் எங்களுக்குக் காசு எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். முதலில் உண்டியல்காரர் மூலம் வந்தது. உண்டியல் என்றால் கோயில் உண்டியல் இல்லை. அங்கே ஒருவரிடம் திர்ஹம் காசைக் கொடுத்தால், இங்கே அவருடைய ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து ரூபாயைத் தருவார். துண்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. சட்டப்படி பிழைதான். ஆனால் அந்த ஆளின் வீடு எங்களுக்குத் தெரியும். அவருடைய பெண்சாதியின் ஊர் தெரியும். ஒருமுறை காசு சுணங்கியபோது என் மாமியார் அவர் வீட்டுப் படலையில் போய் நின்று, றோட்டால் போகிற சனமெல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்க்கும்படி கத்தினார். அன்றைக்குப் பொழுது படுவதற்குள் காசு வந்தது. பெண்சாதியின் சங்கிலியை அடகு வைத்துத் தந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். பாவம்தான், ஆனால் தந்தார்.

அந்த மனுசனும் வெளிநாடு போன பிறகு வங்கி வழியாக வந்தது. ஒரு குறையும் சொல்ல ஏலாது. கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள், ஒன்றிரண்டு நாள் சுணங்கும், வங்கியில் இருக்கிற பிள்ளை நிமிர்ந்து பார்க்காமல் கதைக்கும். அதற்காக யாரும் செத்துப்போகவில்லை.

கனடாக்காரனுக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஒரு டொலருக்கு ஒன்று என்று விலை மாறாத டிஜிட்டல் காசு இருக்கிறதாம். கொயின் என்று சொன்னான். அண்ணை அங்கே கொயினாக வாங்கி என் தொலைபேசிக்கு அனுப்புவாராம். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுமாம். நான் அதை ஒரு செயலியில் விற்று ரூபாயாக்கிக்கொள்ளவேண்டுமாம். வங்கியை விடக் கூட வருமாம்.

"மத்திய வங்கி இதைக் கூடாது எண்டு சொல்லியிருக்கெல்லோ?" என்று கேட்டேன். நண்டு வாடியில் யாரோ கதைத்தது காதில் விழுந்திருந்தது.

"கூடாது எண்டு சொல்லேல்லை மச்சாள். கவனமாய் இருங்கோ எண்டுதான் சொல்லியிருக்கு."

"கவனமாய் இருக்கத் தெரிஞ்சிருந்தால் உம்மட அண்ணையைக் கட்டியிருப்பனோ?"

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு, "நீங்கள் இன்னும் பழைய ஆக்கள். நடுவில நிண்டு தின்னுறவனுக்கு ஏன் குடுக்கிறியள்?" என்றான். அங்கிருந்து வருகிற எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது. குளிரில் பனி தள்ளி, இரண்டு வேலை செய்து, கடனில் வீடு வாங்கி, அதையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்து எங்களைத் திருத்த நினைக்கிறார்கள். கோயிலுக்குப் பெயின்ற் அடிக்கக் காசு கொடுத்துவிட்டு, எந்த நிறம் என்றும் அவர்களே சொல்லுவார்கள். எங்கள் வாசலுக்கு ஒரு மின்சார மணி கொண்டுவந்து பூட்டினான். நாய் இருக்கிற வீட்டுக்கு மணி என்னத்துக்கு?

ஆனால் வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கணவர் முதலில் கொஞ்சம் அனுப்பிப் பார்த்தார். நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி கிணுங்கியது, கொயின் வந்திருந்தது. கனடாக்காரன் பக்கத்தில் இருந்து விற்கக் காட்டித் தந்தான். நான் விற்கிற கொயினைச் செயலி தன் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்குகிற ஆள் ரூபாயை என் வங்கிக் கணக்கில் போடவேண்டும். போட்டதைப் பார்த்து நான் ஒரு பொத்தானை அமத்தினால் கொயின் அவருக்குப் போய்விடும். சரியாக வந்தது. அடுத்த மாதமும் வந்தது. கூட வந்த காசில் ஒரு கோழி வாங்கிக் காய்ச்சினேன். அவன் அதையும் சாப்பிட்டுவிட்டு, நான் சொன்னேன்தானே என்று கையைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறினான்.

படகுக் காசு முழுவதையும் கணவர் கொயினாகவே அனுப்பினார். அதை ஒரே தரமாக வாங்க ஒருவன் வந்தான். மற்றவர்களை விட நல்ல விலை சொன்னான். செயலிக்குள்ளேயே எழுதிக் கதைக்கலாம். அவன் தமிழில் எழுதினான். "அக்கா" என்று எழுதினான்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு ஆளைக் கண்டால் முதலில் கேட்பது, நீர் எவ்விடம், ஆற்ற பிள்ளை, யாருடைய மகன் என்பதுதான். பெயர் பிறகுதான். ஊரையும் ஆளையும் பிடித்துவிட்டால், அவனுடைய ஏழு தலைமுறைக்கும் எங்கே போய் முறையிடலாம் என்பது தெரிந்துவிடும். அதுதான் எங்களுக்குப் பொலிஸ், அதுதான் எங்களுக்கு நீதிமன்றம். நானும் கேட்டேன். நெடுந்தீவு என்றான். இப்போது வவுனியாவில் இருக்கிறானாம்.

சும்மா நம்பிவிடுவேனா? சோதித்தேன். "சோளகக் காத்து அடிக்கிற நேரம் நெடுந்தீவுப் போட்டில எங்க இருந்தால் நனையாது?" என்று எழுதினேன். அந்தப் படகில் போய் வந்தவனைத் தவிர வேறு எவனுக்கும் இது தெரியாது. கொஞ்சம் சுணங்கித்தான் பதில் வந்தது.

"எங்க இருந்தாலும் நனையும் அக்கா. இஞ்சின் பெட்டிக்குக் கிட்ட இருந்தால் மட்டும் தப்பலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அசல் நெடுந்தீவான். பிறகு என்ன, அவன் கேட்டதற்கெல்லாம் நான் வாய் ஓயாமல் எழுதினேன். கரம்பொன் என்றேன், மனுசன் டுபாயில் என்றேன், மகளுக்கு முதல் நன்மை வருகிறது என்றேன். "வாழ்த்துக்கள் அக்கா, வெள்ளைச் சட்டை தைச்சாச்சோ?" என்று கேட்டான், அறுவான்.

பின்னேரம் காசு என் கணக்கில் விழுந்தது. ஆனால் போட்ட ஆளின் பெயர் ஒரு பெண்ணின் பெயராக இருந்தது. செயலியில் சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது, வாங்குகிறவரின் பெயரும் காசு போட்டவரின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பொத்தானை அமத்தவேண்டாம் என்று. அவனைக் கேட்டேன்.

"அது எங்கட மாமிட எக்கவுண்ட் அக்கா. என்ர காசு அவவிட்டத்தான் இருக்கு."

அமத்தினேன்.

இதைக் கேட்கிற கொழும்புக்காரருக்கு நான் மடைச்சி. ஆனால் எங்கள் வீடுகளுக்குக் காசு என்றைக்குத் தன் சொந்தப் பெயரில் வந்தது? டென்மார்க் மாமாவின் காசு கொழும்பில் முடி வெட்டுகிற ஒருவரின் கையால் வந்தது. என் கலியாணத்துக்கு வந்த காசு, முன்பின் தெரியாத ஒரு அம்மா பஸ்ஸில் கொண்டுவந்து தந்தது. அண்ணன் அனுப்புவது மச்சாளின் கணக்குக்கு வரும், மச்சாள் அனுப்புவது பக்கத்து வீட்டுக் கணக்குக்கு வரும். கொண்டுவருகிற கையின் பெயரைப் பார்ப்பது எங்களுக்கு மரியாதைக் குறைவு. ஆள் ஆரென்று தெரிந்தால் போதும். ஆள்தான் எனக்குத் தெரியுமே, நெடுந்தீவுப் பெடியன்.

சனி ஞாயிறு கழித்து, படகுக்காரரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கண்ணாடிக்குள் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்தது, பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது. உள்ளே கூப்பிட்டார்கள். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறதாம். வவுனியாவில் ஒரு பெண் பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறாள். அவளிடம் மோசடி செய்து பிடுங்கிய காசு என் கணக்குக்கு வந்திருக்கிறதாம். கணக்கு என் பெயரில் இருப்பதால் மோசடிக்காரி நான்தான்.

நான் போட்ட சத்தம் இறங்குதுறை வரைக்கும் கேட்டிருக்கும். படகுக்காரர் வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்தார்.

பொலிஸில் வாக்குமூலம் எடுத்த ஐயாவுக்குக் கொயின் என்றால் விளங்கவில்லை. தமிழ் தெரிந்தவர்தான்.

"அந்தக் கொயினைக் காட்டுங்கோ பாப்பம்."

"வித்திட்டன்."

"ஆருக்கு?"

"தெரியாது. நெடுந்தீவுப் பெடியன்."

"பேர்?"

"சரியாய்த் தெரியாது. செயலியில கிடந்தது கள்ளப் பேராம்."

"பேர் தெரியாத ஆளுக்கு, கண்ணால காணாத சாமானை வித்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்ததுதான் எனக்குக் கூடக் கோபம். நெடுந்தீவில் விசாரித்தார்களாம். அங்கே அப்படி ஒரு பெடியன் இல்லை.

அன்றைக்கு இரவு கனடாவுக்கு எடுத்தேன். கனடாக்காரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் பேரைப் பாத்திருக்கவேணும் மச்சாள். சிவப்பில எழுதியிருக்கெல்லோ? தொழில்நுட்பத்தில ஒரு பிழையும் இல்லை. பிழை விட்டது ஆக்கள்" என்றான்.

"பிழை விடாத சாமானை, பிழை விடுற சனத்திட்ட ஏன் கொண்டுவந்து தந்தனீர்? சரி, இப்ப நான் ஆற்ற படலையில போய் நிண்டு கத்துறது? சொல்லும். நடுவில ஆள் இல்லை எண்டு சொன்னனீரெல்லோ? நான் ஆரைப் பிடிக்கிறது?"

"கஸ்ரமர் சேர்விஸுக்கு ஒரு மெசேச் போடுங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டேன். மெசேச்சும் போட்டுப் பார்த்தேன். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வந்தது. எனக்குப் பொறுமை இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது?

கணவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி மனத்தை ஆற்றியிருப்பேன். "நீர் ஒண்டும் யோசியாதையும். கோர்ட்டில சொன்னால் விடுவாங்கள்" என்றார். அவருடைய ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வேண்டாம் என்று அவர் இன்னும் கம்பனியில் சொல்லியிருக்கவில்லை.

வழக்கு வவுனியா நீதிமன்றத்தில். விடிய முன் கரம்பொன்னில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி, வவுனியாவில் போய் இறங்கினேன். என் வாழ்நாளில் நீதிமன்ற வாசல் மிதித்தது அன்றைக்குத்தான். மரத்துக்குக் கீழே சனம் நின்றது. என் வயது மதிக்கத்தக்க ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து, என் முழுப் பெயரையும் கணக்கிலக்கத்தையும் கடகடவென்று பாடமாகச் சொன்னாள்.

"நீதானே?"

"நான்தான்."

"கள்ளி. எங்க உன்ர தம்பி?"

"எனக்குத் தம்பியே இல்லை."

"எனக்குக் கதை விடாத. குவைத்தில வீட்டு வேலைக்கு விசா எடுத்துத் தாறன் எண்டு சொன்னவன் உன்ர தம்பி. அக்காட எக்கவுண்டில போடுங்கோ எண்டு உன்ர நம்பரைத்தான் தந்தவன். நான் சும்மா போடேல்லை. எவ்விடம் எண்டு கேட்டனான். கரம்பொன் எண்டான். அக்காட மனுசன் டுபாயில எண்டான். பெட்டைக்கு முதல் நன்மை, வெள்ளைச் சட்டை தைக்கிறா எண்டான். இவ்வளவும் சொல்லுறவன் பொய் சொல்லுவானோ எண்டு நம்பித்தான் வீட்டையும் தோட்டையும் அடகு வைச்சுப் போட்டனான்."

"நீர் எவ்விடம்?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதுதான் என் வாயில் வந்தது.

"நெடுந்தீவு. பிரச்சினை நேரம் வெளிக்கிட்டு வந்து இஞ்ச இருக்கிறம். ஏன், அங்கயும் ஆரையும் ஏமாத்தப் போறியோ?"

"அவன் உம்மட்ட நெடுந்தீவுப் போட்டைப் பற்றி ஏதும் கேட்டவனோ?"

அவள் முகம் மாறியது. "ஓம். ஒருக்கா நெடுந்தீவுக்குப் போகவேணும் அக்கா, சோளகத்துக்கு எங்க இருந்தால் நனையாது எண்டு கேட்டவன்."

"இஞ்சின் பெட்டிக்குக் கிட்ட."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவன் கரம்பொன்னானும் இல்லை, நெடுந்தீவானும் இல்லை. நான் கேட்டதை அவளிடம் கேட்டு, அவள் சொன்னதை எனக்குச் சொல்லி, என் கதையை அவளிடம் கொண்டுபோய் விற்றிருக்கிறான். அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் நாங்கள் இரண்டுபேரும்தான் கதைத்திருக்கிறோம். அவன் நடுவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அவள் மாமி, அவளுக்கு நான் அக்கா. அவளுடைய வீடும் தோடும் என் கணக்கில் ரூபாயாகக் கிடக்க, என் மனுசனின் வேர்வையைக் கொயினாகத் தூக்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

இப்படி ஒரு உண்மை வெளியில் வந்தால் இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைப்பீர்கள். நாங்கள் அழவில்லை. "உன்ர வாயாலதான் நான் கெட்டனான்" என்றாள் அவள். "உம்மட வாயாலதான் நானும் கெட்டனான்" என்றேன் நான். ஆளுக்கொரு மரத்தடியில் போய் நின்றோம்.

எனக்காக வந்த சட்டத்தரணி தணிந்த குரலில் விளங்கப்படுத்தினார். முடங்கிக் கிடக்கும் காசுக்கு இரண்டு உரிமைக்காரர். நான் ஆட்சேபித்தால் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும், கடைசியில் எனக்குக் கிடைக்கவும் கூடும். ஆட்சேபனை இல்லை என்றால் காசு அவளுக்குப் போகும், என் பெயர் வழக்கிலிருந்து எடுபடும்.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். வாயைச் சுளித்துக்கொண்டு, தன் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவுக்கு என்னைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் பெயரும் கணக்கிலக்கமும் அவளுக்குப் பாடம். நான் ஆட்சேபித்தால், காசு கிடைக்கும்வரைக்கும் அவள் அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிவாள். நெடுந்தீவில் சொல்லுவாள். நெடுந்தீவில் சொன்னது கரம்பொன்னுக்கு வர எவ்வளவு நேரம்? நாளைக்கு என் மகளைக் கண்டு ஆற்ற பிள்ளை என்று கேட்பவர்கள், அந்தக் கள்ளியின் பிள்ளையோ என்று கேட்பார்கள்.

கணவருக்கு எடுத்தேன். வேலைத்தலத்தில் இரைச்சலாக இருந்தது. சொன்னேன்.

"குடுத்துவிடும்" என்றார்.

"குடுத்தால் போட் இல்லை."

"தெரியும்."

கொடுத்தேன். இரக்கத்தில் கொடுக்கவில்லை. அப்படி யாரும் எழுதிவைக்க வேண்டாம். ரோசத்தில் கொடுத்தேன். வெளியே வந்தபோது அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். வாசல் மட்டும் என்னோடு வந்து, "உம்மட மனுசன் டுபாயிலதானே, அங்க வீட்டு வேலை ஏதும் இருக்குமோ எண்டு கேட்டுப் பாருமன்" என்றாள். கள்ளி என்று கூப்பிட்ட வாயால் கேட்டாள். நான் பஸ்ஸில் ஏறி மற்றப் பக்கம் திரும்பி இருந்தேன். பஸ் ஓமந்தை தாண்டும்வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

படகுக்காரர் அச்சவாரத்தைத் திருப்பித் தந்தார். தரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, பிழை எங்கள் பக்கம். வீடு தேடி வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே நீட்டினார். "பேசாமல் வாங்கு பிள்ளை. கடல்காரனுக்குக் கடல்காரன் இதுகூடச் செய்யாட்டி எப்பிடி?" என்றார். அந்த நல்ல மனுசன் மேலும் எனக்குக் கோபம்தான் வந்தது. படகு அல்லைப்பிட்டிக்குப் போனது. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருந்தால் கரையில் தெரியும். நீலம் அடித்து, புதுப் பெயர் எழுதியிருக்கிறார்கள். நான் இப்போது பஸ்ஸில் அந்தப் பக்கம் இருப்பதில்லை.

திருநாளுக்கு முதல் வாரம் கணவர் எடுத்தார். மகளைப் பற்றிக் கேட்டார், மழையைப் பற்றிக் கேட்டார், நாயைப் பற்றியும் கேட்டார். எனக்கு விளங்கிவிட்டது.

"சைன் வைச்சிட்டியளோ?"

"ஓம். ரெண்டு வருசம்தானே."

"ரெண்டு வருசம்தானே எண்டு எனக்கு இனிச் சொல்லாதேங்கோ" என்றேன். அதற்கு மேல் எனக்குக் கத்த ஏலவில்லை. இத்தனை பேரிலும் கோபம் வந்த எனக்கு, கோபப்படவேண்டிய அந்த ஒரு இடத்தில் குரல் எழும்பவில்லை.

திருநாளன்று காலையில் கனடாவிலிருந்து மெசேச் வந்தது. பெறாமகளுக்கு ஒரு பரிசு அனுப்புகிறானாம், கொயினாக அனுப்பட்டா என்று கேட்டிருந்தான். அந்தச் செயலியை அந்த இடத்திலேயே அழித்தேன். வாசலில் அவன் பூட்டிய மணியையும் கழற்றி நாய்க்கு முன்னால் போட்டேன்.

கோயிலில் மகள் வெள்ளைச் சட்டையோடு நின்றாள். நன்மை வாங்கி முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் தாய் தகப்பனோடு பங்குச் சுவாமிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். நான் தொலைபேசி வீடியோவில் கணவரைப் பிடித்துவைத்திருந்தேன். மஞ்சள் வேலைச் சட்டையோடு எங்கேயோ ஒரு படிக்கட்டில் குந்திக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. சுவாமி எங்கள் பங்குக்குப் புதிதாக மாறி வந்தவர், எங்களைத் தெரியாது.

"பிள்ளை ஆற்ற மகள்? அப்பா எங்க, வரேல்லையோ?" என்று குனிந்து கேட்டார்.

மகள் என் கையிலிருந்த தொலைபேசியைப் பறித்து, சுவாமியின் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துபோனது. அவர் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றார்.

"இவர்தான் சுவாமி. கொஞ்சம் பொறுங்கோ, இப்ப அசைவார்" என்றாள் மகள்.

சுவாமியும் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.